'மூடிக்கினு இருக்குதும்மா'

கன்ட்ரோல் ரூம் நாற்காலியில் புதிதாக உட்காரப் போகிற உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாற்காலி ரொம்ப சொகுசு. ஏசி குளிரும், டீ வரும், கண்ணுக்கு முன்னால் ஆறு திரைகளில் எண்கள் தானாக மாறிக்கொண்டே இருக்கும். ஒரே வாரத்தில் அந்த எண்கள்தான் எரிவாயு என்று நினைக்க ஆரம்பித்துவிடுவீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒருநாள், கோடை மழை கொட்டிய மத்தியானம், எண்கள் எல்லாம் ஒரே அடியாக நின்றுபோயின. அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் ஒரு பெண்ணின் சூளையை உடைத்துப் போட இருந்தேன். என்னை நல்லவளாகக் காட்டுகிற கதை இல்லை இது. ஆனாலும் எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி நெய்வேலி வந்தேன். அவருக்குச் சுரங்கத்தில் வேலை, குவார்ட்டர்ஸ் அவர் பெயரில். எனக்கு நகரியத்துக்கு வெளியே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருந்த எரிவாயுக் குழாய் கம்பெனியில் வேலை கிடைத்தது. நிலக்கரி தோண்டிச் சாப்பிடுகிற ஊரில் எரிவாயுக்காரிக்கு என்ன மரியாதை இருக்கும்? பிளாக்கில் எல்லோருக்கும் நான் 'காத்து விக்கிறவங்க'. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா முகத்துக்கு நேராகவே கேட்பார்: "நாங்களாவது மண்ணைத் தோண்டி கரி எடுத்துக் குடுக்கிறோம். நீங்க சும்மா இருக்கிற காத்தைக் குழாயில அடைச்சிட்டு அதுக்கு ரேட்டு வேற போடுறீங்களாமே?"

காற்றை நாங்கள் விற்பதில்லை, கொண்டுபோய்ச் சேர்க்கிறோம், அதற்கான கட்டணத்தையும் ஒழுங்குமுறை வாரியம்தான் நிர்ணயிக்கிறது என்று நானும் மூச்சுப் பிடித்துச் சொல்வேன். அவருக்கு அது காதில் ஏறாது. கடைசியில் தண்ணீரை வைத்துத்தான் புரியவைத்தேன். தெருக்குழாயில் முதல் வீட்டுக்காரர் மோட்டார் போட்டு உறிஞ்சினால் கடைசி வீட்டில் என்ன வரும்? "புஸ்ஸுன்னு காத்துதான் வரும்" என்றார். அவ்வளவுதான் அக்கா எங்கள் வேலை, முதல் வீட்டுக்காரர் மோட்டார் போடாமல் பார்த்துக்கொள்வது என்றேன்.

உங்களுக்கும் அதைவிடப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. நாளைக்கு எனக்கு இவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொரு வாடிக்கையாளரும் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். அதுதான் நாமினேஷன். ஒரு முனையில் உள்ளே வருவதும் மறுமுனையில் வெளியே போவதும் சரியாக இருந்தால் குழாயில் அழுத்தம் நிற்கும். யாராவது சொன்னதற்கு மேல் இழுத்தால், குழாய்க்குள் எல்லோருக்கும் பொதுவாகத் தங்கியிருக்கிற வாயு கரையும். முதலில் அடிபடுகிறவர் கடைக்கோடியில் இருப்பவர்தான். சொன்னதற்கு மேல் இழுத்தவருக்கு அபராதம் உண்டு, சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனால் அபராதம் பில்லோடு பதினைந்து நாள் கழித்துத்தான் வரும். கடைக்கோடியில் இருப்பவருக்கு அடுப்பு இன்றைக்கே அணைந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

எங்கள் குழாயின் கடைக்கோடியில் இருந்தது ஒரு சின்னப் பீங்கான் தொழிற்சாலை. மின்கம்பங்களில் வெள்ளையாகக் குமிழ் குமிழாக மாட்டியிருக்குமே, அதைச் சுடுகிற சூளை. சூளையைப் பார்த்துக்கொண்டவர் இந்திரா. என்னைவிட நாலைந்து வயது குறைவு. கான்ட்ராக்டில் மண் சுமக்க வந்து, சூளை சூப்பர்வைசர் ஆனவர். நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை, குரல் மட்டும்தான் பழக்கம். நாமினேஷன் சொல்லத் தினமும் போன் செய்வார். மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் ஓர் எண்ணைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள், இவர் மட்டும் கூப்பிட்டுத்தான் சொல்வார்.

அன்றைக்குக் காலையிலும் கூப்பிட்டார். எனக்கு முதல் ஷிப்ட்.

"அம்மா, ராவிலேர்ந்து சின்னத் தீயில வச்சிக்கினு இருக்கோம். மத்தியானம் முழுத் தீக்குப் போவணும். இன்னிக்கு மட்டும் கேஸ் கொறையாம பாத்துக்கோங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"ஏன், இன்னைக்கு என்ன விசேஷம்?"

"ஏற்கெனவே ரெண்டு லோடு வெடிச்சிடுச்சிங்க. மண்ணுல கோளாறு. இப்போ மண்ணு மாத்தியாச்சி. இதுவும் போச்சின்னா கேட்டைச் சாத்திடுவேன்னு ஓனர் சொல்லிட்டாருங்க. இருபத்தெட்டு பொம்பளைங்க வேலை செய்யறோம்."

சூளை சங்கதியை அவரே விளக்கினார். சின்னத் தீயில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் கெடாது, அழுத்தம் குறைந்தாலும் அந்தத் தீ தாங்கும். முழுத் தீக்குப் போய்விட்டால் பாதியில் நிறுத்த முடியாது. அழுத்தம் பதினெட்டுக்குக் கீழே இறங்கினால் பர்னர் தானாக அணைந்துவிடும், உள்ளே இருப்பதெல்லாம் படார் படார் என்று வெடிக்கும். "கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள் அந்த வார்த்தை!

பன்னிரண்டு மணிக்கு வானம் கறுத்தது. கோடை மழை என்றால் நெய்வேலியில் முதலில் மண்புழுதி, பிறகு இடி, பிறகுதான் தண்ணீர். ஓர் இடி விழுந்ததில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்த நிமிடம் தெற்கு முனையிலிருந்து போன்: மின்சாரம் போய்விட்டது, அங்கிருந்து வருகிற வாயு பாதியாகக் குறையும், ஒரு மணி நேரமாவது ஆகும். சரி, சமாளிக்கலாம் என்று திரையைப் பார்க்கிறேன், எண்கள் அசையவில்லை. ஸ்டேஷன்களிலிருந்து எண்களைக் கொண்டுவருகிற தகவல் கோபுரத்தில் இடி இறங்கியிருந்தது. திரையில் இருந்ததெல்லாம் இடி விழுவதற்கு முந்தின நிலவரம். கூட இருந்த டெக்னீஷியன் குடைகூட எடுக்காமல் கருவி அறைக்கு ஓடினார். ஆறு திரைகளுக்கு முன்னால் குருடி மாதிரி நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

நின்றுபோன எண்களில் ஒன்று என் கண்ணைக் குத்தியது. நடுவழியில் இருந்த ஒரு மின் நிலையம், எங்கள் வாடிக்கையாளர்களிலேயே பெரியது, அறுபது பங்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு எண்பதை இழுத்துக்கொண்டிருந்தது. உள்ளே வருவது பாதியாகிவிட்ட நேரத்தில், முதல் வீட்டுக்காரர் மோட்டார் போட்டுவிட்டார்!

மின் நிலையத்துக்குச் சேத்தியாத்தோப்பு வால்வு ஸ்டேஷனிலிருந்து இரண்டு வழியாக வாயு போகும். ஒரு வழியை மூடினால் அவர்கள் சொன்ன அளவுக்கு மேல் ஒரு துளி போகாது. அவர்களுக்கும் நஷ்டமில்லை, கடைக்கோடியும் பிழைக்கும். இங்கிருந்து பொத்தானை அழுத்தினால் மூடாது, கோபுரம்தான் போய்விட்டதே. ஸ்டேஷனில் இருந்த ஆபரேட்டர் கலியபெருமாளைப் போனில் பிடித்தேன். சேத்தியாத்தோப்புக்காரர், வெள்ளாற்றங்கரையில் சொந்த வயல், கம்பெனியில் கான்ட்ராக்ட். இரண்டாவது வழியின் வால்வை அங்கேயே மோட்டார் போட்டு மூடச் சொன்னேன். முழுசாக மூட நாலைந்து நிமிடம் ஆகும்.

உடனே இந்திராவைக் கூப்பிட்டு, வாயு குறைவதையும் வால்வை மூடச் சொன்னதையும் சொன்னேன். "வால்வு மூடினதும் சொல்றேன். அதுவரைக்கும் முழுத் தீக்குப் போக வேண்டாம்" என்றேன். இதுவரை நான் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. இன்றைக்கும் மார்தட்டிச் சொல்வேன்.

கொஞ்ச நேரத்தில் கலியபெருமாள் கூப்பிட்டார். மழைச் சத்தம், கரகரவென்று குரல்.

"அம்மா, மூடிக்கினு இருக்குதும்மா."

இங்கே கொஞ்சம் நிறுத்தி, எனக்கும் இந்த 'கினு'வுக்கும் இருந்த பழைய பகையைச் சொல்ல வேண்டும். நெய்வேலிக்கு வந்த முதல் மாதம். சர்க்கரை வாங்கக் கிளம்பினேன். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர், "எங்கம்மா போறீங்க? கடை மூடிக்கினு இருக்குது" என்றார். எங்கள் ஊர்க் காதுக்கு அது, மூடிக்கொண்டிருக்கிறார்கள், ஓடினால் பிடித்துவிடலாம் என்று கேட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன் பாருங்கள், அந்த வெயிலில்! கடை காலையிலிருந்தே திறக்கவில்லை. பூட்டில் தூசி. திரும்பி வந்தால் சைக்கிள்காரர் அங்கேயே நின்றுகொண்டு, "மூடிக்கினு இருக்குதுன்னு சொன்னனே, எதுக்கும்மா ஓடுனீங்க?" என்றார். அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்: இந்தப் பக்கத்தில் 'மூடிக்கினு இருக்குது' என்றால் மூடியாகிவிட்டது. இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வேறு ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன்.

ஆகவே கலியபெருமாள் "மூடிக்கினு இருக்குதும்மா" என்றதும், எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மூடியாகிவிட்டது! "சபாஷ், அப்படியே விட்டுடுங்க" என்றேன். இணைப்பு அறுந்தது.

மறுபடி போன். இந்திரா.

"அம்மா, என்ன ஆச்சிங்க?"

"வால்வு மூடியாச்சு. நீங்க போகலாம்."

"முழுத் தீக்குப் போவலாங்களா?"

"தாராளமா."

அவர் போனை வைக்கவில்லை. பிறகு கேட்டார்: "நீங்க பாத்தீங்களாம்மா?"

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில், 'இல்லை, இன்னொருத்தர் சொன்னார், நான் கேட்டேன்' என்பது. திரை நின்றுவிட்டது என்பதுகூட அவரிடம் நான் சொல்லவில்லை. பத்து வருஷம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவளிடம் இப்படி ஒரு கேள்வியா என்று உள்ளுக்குள் சுர்ரென்றது.

"ம், பாத்தேன்" என்றேன்.

டீ ஆறிப்போயிருந்தது. அதையும் குடித்தேன், அவ்வளவு நிம்மதி. மழை விட்டு வெயில்கூட எட்டிப் பார்த்தது. பத்து நிமிடம் கழித்து, ஷிப்ட் போனில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. செக்யூரிட்டியின் போனை வாங்கிக்கொண்டு சிக்னல் தேடி வரப்பில் ஓடியிருக்கிறார் கலியபெருமாள். மூச்சு இரைக்கிறது.

"அம்மா, மூடிக்கினு இருந்துச்சிங்களா, பாதியில நின்னுபூட்ச்சிம்மா!"

"எது?"

"வால்வுதாம்மா. மோட்டார் டிரிப்பு ஆயிடுச்சி. நான் அப்போலேர்ந்து போன் அடிக்கிறன், லைன் கெடைக்கல."

"அட பாவி மனுஷா! மூடியாச்சுன்னு சொன்னீங்களே!"

"மூடியாச்சின்னு நான் எப்பம்மா சொன்னன்? மூடிக்கினு இருக்குதுன்னுதானே சொன்னன்!"

அவர் சொன்னது அவர் பேச்சில் நூற்றுக்கு நூறு சரி. வால்வு மூடிக்கொண்டு இருந்தது, அதைச் சொன்னார். கடையும் மூடிக்கினு இருக்கும், வால்வும் மூடிக்கினு இருக்கும், எது எப்போது என்பது பேசுகிறவர்களுக்குத் தெரியும். அரைகுறையாகக் கற்றுக்கொண்டு பாடம் எடுத்தவளுக்குத்தான் தெரியவில்லை. கோவில்பட்டிக் காதோடு கேட்டிருந்தால்கூட அன்றைக்குச் சரியாகப் புரிந்திருக்கும்!

"பிரஷர் கேஜில எவ்வளவு காட்டுது?"

"நான் கெளம்பறப்ப பத்தொம்போதும்மா. எறங்கிக்கினே போவுது."

சேத்தியாத்தோப்பில் பத்தொன்பது என்றால் கடைக்கோடியில் பதினெட்டு. விளிம்பு. இந்திரா என் பேச்சை நம்பி முழுத் தீக்குப் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

நான் முதலில் செய்திருக்க வேண்டியது இந்திராவுக்குப் போன். 'நான் சொன்னது தப்பு, நான் பார்க்கவில்லை' என்று சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லவில்லை. வெட்கம்! முதலில் சரி செய்துவிடுவோம், சரி செய்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு ஒரு வழி கண்டுபிடித்தது. நாளைக்கு உங்களுக்கும் இதே வழியைக் காட்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

"மோட்டார் கெடக்கட்டும். கையால சக்கரத்தைச் சுத்தி மூடுங்க. செக்யூரிட்டியையும் கூட வச்சுக்கோங்க" என்றேன்.

"நூறு சுத்துக்கு மேல வரும்மா."

"சுத்துங்க! போனைக் கட் பண்ணாதீங்க."

"உள்ள சிக்னல் வராதும்மா."

"அப்ப செக்யூரிட்டியை வரப்புல நிக்க வைங்க. நீங்க சுத்திக்கிட்டே எண்ணிக் கத்துங்க, அவர் எனக்குச் சொல்லட்டும்."

இந்தப் பக்கம் லேண்ட்லைனில் மின் நிலையத்தைப் பிடித்தேன். ஷிப்ட் இன்சார்ஜ் நிதானமாகப் பேசினார், அந்த நிதானம்தான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"மேடம், கிரிட்ல கேக்கறாங்க, நாங்க ஓட்டறோம். கூட எடுத்ததுக்கு அபராதம் போட்டுக்கோங்க, கட்டிடறோம்."

"அபராதம் என்னய்யா அபராதம்! நீங்க எடுக்கிறது எங்க வாயு இல்லை, உங்களுக்குப் பின்னாடி இருக்கிறவங்களோடது. அறுபதுக்கு இறங்குங்க."

"மேல பேசாம இறக்க முடியாது மேடம்."

"பேசிக்கிட்டே இறக்குங்க!" என்று கத்திவிட்டு வைத்தேன்.

எங்கள் சீஃப் அன்று லீவு. மனசு கேட்காமல் அவருக்கும் அடித்தேன். பண்ருட்டி மார்க்கெட்டில் பலாப்பழம் வாங்கிக்கொண்டிருந்தார். பின்னால் ஏலக்காரர்களின் கூச்சல். மின் நிலையம் பெரிய இடம், ஒரு வழியை மூடுவதற்கு நாளைக்குப் புகார் வரும் என்றேன்.

"சொன்ன அளவுக்குள்ள எடுக்கிறவங்க மேல கையை வச்சியா?"

"இல்ல சார்."

"சொன்னதுக்கு மேல எடுத்தவங்களைத்தானே பிடிச்சிருக்க? புகார் வரட்டும், நான் பார்த்துக்கறேன். வை போனை, வேலையைப் பாரு." அந்தப் பக்கம் யாரிடமோ, "இது பிஞ்சுய்யா, வேற எடு" என்பது காதில் விழுந்தது. அவ்வளவு பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வைத்ததும் என் சொந்த செல்போன் துடித்தது. திரையில் 'இந்திரா சூளை'. நான் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனேன், எடுக்க முடியவில்லை. உள்ளே வெடிக்க ஆரம்பித்துவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார், அதை எந்தக் காதால் கேட்பது?

இன்னொரு போனில் செக்யூரிட்டியின் குரல் வந்துகொண்டிருந்தது. "இருபதாம்மா... முப்பதாம்மா... கலியபெருமாளு கை வழுக்குதுன்றாரு... நாப்பது..."

"கேஜ் என்ன?"

அவர் திரும்பிக் கத்தினார், உள்ளேயிருந்து பதில் கத்தல். "பதினெட்டுங்க!"

அப்படியானால் கடைக்கோடியில் பதினேழு. பர்னர் அணைந்திருக்கும்.

"அம்பது... அம்பத்தஞ்சி..."

"கேஜ்?"

"பதினேழுங்க!"

நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து நின்றேன். "சுத்துங்கய்யா! சாமி, சுத்துங்க!" என்று கத்துகிறேன். நான் கத்தியது கலியபெருமாளுக்குக் கேட்காது. செக்யூரிட்டி ஒவ்வொன்றையும் அங்கே திருப்பிக் கத்துகிறார்: "சாமி சுத்துன்றாங்க!" கலியபெருமாள் என்ன நினைத்தாரோ. எண்பதில் சக்கரம் இறுகிவிட்டது. செக்யூரிட்டி போனை வரப்பிலேயே வைத்துவிட்டு ஓடினார். கொஞ்ச நேரம் தவளைச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் கும்பிடாத தெய்வமில்லை. கோவில்பட்டிக் குலசாமியிலிருந்து நகரியத்துப் பிள்ளையார்வரை எல்லோரையும் கூப்பிட்டுவிட்டேன்.

போனில் மறுபடி குரல். இந்தத் தடவை கலியபெருமாளே.

"நூத்திப் பன்னண்டு சுத்தும்மா. இதுக்கு மேல சுத்தல. பூட்டுப் போட்டாச்சி. என் ரெண்டு கண்ணால பாத்துட்டுத்தான் சொல்றன், மூடியாச்சி."

"கேஜ்?"

"பதினாறரைம்மா. எறங்கல. அங்கியே நிக்குது." உள்ளேயிருந்து செக்யூரிட்டி கத்தியதைக் கேட்டு அவரே, "தே, ஏறுதும்மா! முள்ளு ஏறுது!" என்று கூவினார்.

துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். அவர் அங்கே குதித்திருப்பார். நான் இங்கே தொப்பென்று உட்கார்ந்தேன். குழாயைக் காப்பாற்றியாகிவிட்டது, சேதம் சூளையில். பதினாறரை என்றால் கடைக்கோடியில் பதினைந்தரை. கால்மணி நேரத்துக்கு மேல் பதினெட்டுக்குக் கீழேயே இருந்திருக்கிறது. முழுத் தீயில் இருந்த எந்தச் சூளையும் அதைத் தாங்காது. இருபத்தெட்டுப் பெண்கள்.

இந்திராவை நானே கூப்பிட்டேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான இடத்தில் தட்டினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"இந்திரா, என்னை மன்னிச்சிருங்க" என்று ஆரம்பித்தேன். நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். திரையெல்லாம் அப்போதே போய்விட்டது, வால்வு மூடவில்லை, நான் தப்பாகக் கேட்டேன், நீங்கள் கூப்பிட்டபோது பயந்துகொண்டு எடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் அது வாயிலிருந்து வந்தது: "நான் பாத்தேன்னு சொன்னது பொய். நான் பாக்கல."

"தெரியும்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "சூளை?"

"நல்லா இருக்குதும்மா. சின்னத் தீயிலதான் வச்சிக்கினு இருக்கோம். நான் முழுத் தீக்குப் போவலையே."

வாய்விட்டு அழுதுவிட்டேன், வெட்கமே இல்லாமல், கன்ட்ரோல் ரூமில் ஒற்றை ஆளாக. மழையில் நனைந்து திரும்பிய டெக்னீஷியன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, பயந்துபோய் மறுபடி வெளியே போய்விட்டார்.

"ஏன் போகலை? நான்தான் போகச் சொன்னேனே. நீங்க கேட்டீங்க, நான் பாத்தேன்னு சொன்னேனே!"

"சொன்னீங்க. பாத்தவங்க எவ்ளோன்னு சொல்லுவாங்கம்மா. நீங்க 'ம், பாத்தேன்'னு மட்டும் சொன்னீங்க. எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சி. எங்க கேட்டு பக்கத்துல ஒரு கேஜ் இருக்குது இல்ல, அங்க போய் நின்னுகினு இருந்தன். முள்ளு ஏறவே இல்ல, எறங்கிச்சி. எவ்ளோன்னு கேக்கலாம்னுதான் உங்களுக்கு ரெண்டு வாட்டி அடிச்சன். நீங்க எடுக்கல."

என்னை நம்பாததற்காக என் வாழ்க்கையில் நான் நன்றி சொன்ன ஒரே ஆள் அவர்தான். சொன்னேன், திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பக்கத்தில் யாரிடமோ வண்டியை நகர்த்தச் சொல்லிவிட்டு மறுபடி போனுக்கு வந்தார். அவருக்குச் சூளை காத்துக்கொண்டிருந்தது.

"சரி வுடுங்கம்மா. இப்போ முழுத் தீக்குப் போவலாங்களா?"

'போகலாம்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த போனை எடுத்துக் கலியபெருமாளை முள்ளுக்கு முன்னால் போய் நின்று எவ்வளவு என்று பார்த்துக் கத்தச் சொன்னேன்.